ஒரே வகுப்பறை, இரண்டு வாசல்கள்: கட்-ஆஃப் காலத்தையும் நீட் காலத்தையும் பார்த்த ஆசிரியரின் அனுபவம்

திருவாரூர் மாவட்டத்தின் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் முதுகலை ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் பள்ளியில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பாடப்பிரிவை எடுக்கும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பாடநூலைப் படித்து, ஒரே பொதுத் தேர்வை எழுதுகிறார்கள். அதன் பிறகு இரண்டு வாசல்களின் முன்னால் பிரிந்து நிற்கிறார்கள். பொறியியல் படிக்க விரும்புகிறவருக்குத் தமிழ்நாட்டில் தனியாக ஒரு தேர்வு கிடையாது. பிளஸ் டூ கணித மதிப்பெண் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கும் கணக்கிடப்பட்டு, மொத்தம் 200-க்கு ஒரு கட்-ஆஃப் வரும். அதை வைத்துக்கொண்டு கிண்டி பொறியியல் கல்லூரி வரை போகலாம். மருத்துவம் விரும்புகிறவருக்கோ பிளஸ் டூவில் தகுதிக்குரிய தேர்ச்சி இருந்தால் போதும், அதில் எடுத்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பிற்பகலில் எழுதும் 720 மதிப்பெண் நீட் தேர்வே எல்லாவற்றையும் முடிவு செய்யும். நுழைவுத் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தை மற்றவர்கள் மேடையிலும் நாளிதழிலும் கேட்கிறார்கள். நாங்கள் அதன் இரண்டு பக்கங்களையும் ஒரே வகுப்பறையில் ஆண்டுதோறும் பார்த்துவருகிறோம்.

இந்த அனுபவத்திலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதிப்பெண், அது பொதுத் தேர்வில் எடுத்ததானாலும் நுழைவுத் தேர்வில் எடுத்ததானாலும், ஒரு பிள்ளையை அதே மாதிரியான சூழலிலிருந்து வந்த பிள்ளைகளோடு ஒப்பிடும்போதுதான் உண்மையைச் சொல்கிறது. எட்டாம் வகுப்பிலிருந்தே நுழைவுத் தேர்வுக்கு அடித்தளமிடும் பவுண்டேஷன் வகுப்புக்குப் போன நகரத்துப் பிள்ளையின் 500 மதிப்பெண்ணும், நடவுக்குப் போன அம்மா திரும்பி வருவதற்குள் சோறு வடித்து வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்த பிள்ளையின் 400 மதிப்பெண்ணும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக நிற்கும்போது, இடையிலுள்ள அந்த 100 மதிப்பெண்ணில் எவ்வளவு அறிவு, எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நுழைவுத் தேர்வுகளைப் பற்றிய தமிழ்நாட்டின் விவாதம் நீட்டோடு தொடங்கவில்லை. 1984-இல் மாநில அரசே தொழிற்கல்விப் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. நான் பணியில் சேர்ந்தபோதும் அது நடைமுறையில் இருந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என மொத்தம் 300-க்குத் தரவரிசை போடுவார்கள். அந்த 100 மதிப்பெண்ணுக்காக நகரங்களில் பயிற்சி மையங்கள் முளைத்தன. கிராமத்துப் பிள்ளைகள் பிளஸ் டூவில் எடுத்ததை அங்கே இழந்தார்கள். கல்வியாளர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையைப் பெற்று, 2006 டிசம்பரில் அந்தத் தேர்வை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. பொறியியலுக்கு இன்றும் அந்தச் சட்டப்படிதான் சேர்க்கை நடக்கிறது.

அந்தச் சட்டத்தை மனப்பூர்வமாக வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அதற்குப் பிந்தைய பத்து ஆண்டுகளைப் பொற்காலம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. நாமக்கல், ராசிபுரம் பகுதிகளில் விடுதியோடு இயங்கிய தனியார் பள்ளிகள் பலவற்றில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே விட்டுவிட்டு, பிளஸ் டூ பாடநூலையே இரண்டு ஆண்டுகள் வரி வரியாக மனப்பாடம் செய்ய வைத்தார்கள். மக்கள் அவற்றைப் பிராய்லர் பள்ளிகள் என்றே அழைத்தார்கள். எங்கள் பகுதியில் நிலம் வைத்திருந்த பெற்றோர் பலர், பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகவே நகையை அடகு வைத்தார்கள். மருத்துவக் கட்-ஆஃப் 197, 198 என்று ஏறியபோது, கால் மதிப்பெண் வித்தியாசத்தில் பிள்ளைகள் இடத்தை இழந்தார்கள். அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் அந்தக் காலத்திலும் மாநிலம் முழுவதற்கும் ஆண்டுக்குச் சில பத்துப் பேரைத் தாண்டவில்லை. நுழைவுத் தேர்வு போனதும் அநீதியும் போய்விட்டது என்று நம்ப விரும்புகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

நீட் முதன்முதலில் 2013-இல் நடந்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016-இல் அந்தத் தீர்ப்பே திரும்பப் பெறப்பட்டது. 2016-இல் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஓர் ஆண்டு விலக்குக் கிடைத்தது. 2017-இலும் விலக்குக் கிடைக்கும் என்று ஆகஸ்ட் வரை அரசும் நாளிதழ்களும் பேசிக்கொண்டிருந்தன. அதை நம்பி எங்கள் பிள்ளைகள் பிளஸ் டூ மதிப்பெண்ணிலேயே முழுக் கவனத்தையும் வைத்திருந்தார்கள். அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா 1,200-க்கு 1,176 எடுத்திருந்தார். முந்தைய முறை தொடர்ந்திருந்தால் அவருக்கு மருத்துவ இடம் உறுதி. அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அவர் உயிரிழந்த செய்தி வந்தபோது, எங்கள் பள்ளியில் அன்று பாடம் நடத்த முடியவில்லை. ஒரு சேர்க்கை முறையை மாற்றுவது சரியா தவறா என்பது வேறு கேள்வி. பாதி வழி நடந்துவிட்ட பிள்ளைகளிடம் போகவேண்டிய பாதை வேறு என்று சொன்னது மன்னிக்க முடியாத செயல் என்றே இன்றும் நினைக்கிறேன். எந்த மாற்றமாக இருந்தாலும் அது பிளஸ் ஒன்னில் சேரும் பிள்ளைகளுக்கு முன்கூட்டி அறிவிக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்தே நடைமுறைக்கு வர வேண்டும்.

அடுத்த ஆண்டே வேறொரு சோதனை வந்தது. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழ் வினாத்தாளில் ஆங்கில வினாவும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் ஆங்கிலமே இறுதியானது என்று தேர்வு விதி சொல்கிறது. அன்றிலிருந்து, தமிழ்வழியில் படிக்கும் என் மாணவர்களிடம் வினாவைத் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, முக்கியச் சொற்களை மட்டும் ஆங்கிலப் பத்தியில் ஒருமுறை சரிபார்க்கச் சொல்கிறேன். அதற்காகப் பிளஸ் ஒன் தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு பாடத்துக்கும் கலைச்சொற்களை இரண்டு மொழிகளிலும் எழுதிய நோட்டு ஒன்றை வைத்துக்கொள்ளச் செய்கிறோம். தமிழ்வழியை விட்டுவிட வேண்டிய தேவை எதுவும் இல்லை. இந்த ஒரு நோட்டுப் போதும். மருத்துவக் கல்லூரி முதலாண்டில் உடற்கூறியல் பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் வந்து நிற்கும்போதும் அந்த நோட்டு உதவியதாக எங்கள் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள்.

நீட் எதை அளக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால், அது பெருமளவுக்கு ஒரு குடும்பம் எத்தனை மாதங்களைப் படிப்புக்காக மட்டும் ஒதுக்க முடிகிறது என்பதை அளக்கிறது. முதல் முறை எழுதுகிறவரைவிட ஓர் ஆண்டு வீட்டிலிருந்து பயிற்சி மையத்துக்குப் போய் இரண்டாம் முறை எழுதுகிறவருக்கே வாய்ப்பு அதிகம். ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையிலான குழு 2021-இல் அளித்த அறிக்கையும் திரும்ப எழுதுகிறவர்களும் பயிற்சி பெற்றவர்களுமே முன்னுக்கு வருகிறார்கள் என்பதையே சொன்னது. அந்த அறிக்கையின் அடிப்படையில் சட்டப்பேரவை நிறைவேற்றிய விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்பதை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் தெரிவித்தார்.

இந்த ‘இன்னோர் ஆண்டு’ எல்லா வீட்டிலும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. நல்ல மதிப்பெண்ணுக்கு மிக அருகில் வந்து நின்ற மாணவி ஒருத்தியின் வீட்டுக்குப் போய், ஓர் ஆண்டு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவளுடைய அம்மா, “டீச்சர், படிக்கவும் போகாம வேலைக்கும் போகாம வயசுப் பொண்ண வீட்டுல வச்சிருந்தா, கேக்குறவங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?” என்றார். அந்தக் கேள்விக்கு எதிராக வாதாட எனக்கு மனம் வரவில்லை. அதே தெருவில் ஒரு பையனுக்கு அந்த ஆண்டு கிடைத்தது. அவன் கும்பகோணத்தில் தங்கிப் படித்தான். எங்கள் மாணவியை உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் பட்டப்படிப்பில் சேர்த்து, படித்துக்கொண்டே திரும்ப எழுத ஏற்பாடு செய்தோம். மேல் வயது வரம்போ முயற்சி வரம்போ இப்போது இல்லாததால், கல்லூரியில் சேர்ந்துகொண்டு எழுதுவது பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற வழி. வீட்டார் கவலையும் குறையும். ஓர் ஆண்டும் வீணாகாது.

இன்னொரு குழப்பத்தையும் பெற்றோர் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நீட்டில் ‘தகுதி பெற்றார்’ என்றால் இடம் கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. பொதுப் பிரிவினருக்கு 50-ஆவது பெர்சன்டைல், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40-ஆவது பெர்சன்டைல் என்பதே தகுதி வரம்பு. அது மதிப்பெண்ணில் பாதி என்பதைக் குறிக்காது. எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேலே நிற்பதைக் குறிக்கும். 2025-இல் பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 720-க்கு 144-தான். பொதுப் போட்டியில் அரசுக் கல்லூரி இடத்துக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் தேவைப்படும் நிலையில், 150 மதிப்பெண் எடுத்தவர் கையில் பெருந்தொகை இருந்தால் தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் மருத்துவராகிவிடலாம். 450 எடுத்த ஏழைப் பிள்ளை வெளியே நிற்க வேண்டியதுதான். தகுதியைக் காப்பதற்காகவே இந்தத் தேர்வு என்று சொல்கிறவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் பேசாமல் கடந்துபோவது என்னை மிகவும் வருத்துகிறது. இதைச் சொல்லும்போது, எங்கள் பிள்ளைகள் தகுதி பெற்ற மகிழ்ச்சியில் பெற்றோர் கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கவுன்சலிங்கில் ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வரும்வரை யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் நடுவில் எங்கள் பள்ளியின் நிலையை உண்மையில் மாற்றியது 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடுதான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவ இடங்களில் தனிப் பங்கு தரும் சட்டம் அது. அதற்கு முந்தைய ஆண்டு வரை அரசுப் பள்ளியிலிருந்து நீட் வழியாக அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலுமாக ஏறத்தாழ 400 பேர் சேர்ந்தார்கள். தேர்வு மாறவில்லை, வினாத்தாள் மாறவில்லை, பிள்ளைகளின் வறுமையும் மாறவில்லை. யாரோடு யாரை ஒப்பிடுவது என்பது மட்டும் மாறியது. கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இந்த வழியில் சேர்ந்த பிள்ளைகள் படிப்பைத் தாங்குவார்களா என்று அன்று பலர் ஐயப்பட்டார்கள். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் முதலாண்டில் திணறியிருக்கிறார்கள்; இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு வகுப்பில் அவர்களை வேறுபடுத்திப் பார்க்க முடியவில்லை என்று அவர்களுடைய நண்பர்களே சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் நடந்துவரும் விவாதத்திலும் இதே உண்மை வேறு வடிவில் தெரிகிறது. கொரோனா காலத்தில் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பல, சேர்க்கைக்கான சாட் என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கட்டாயமில்லை என்று தளர்த்தின. எம்.ஐ.டி. 2022-இலும் டார்ட்மத் 2024-இலும் அதை மீண்டும் கட்டாயமாக்கின. டார்ட்மத் நடத்திய ஆய்வில், வசதி குறைந்த பிள்ளைகள் தங்கள் மதிப்பெண் போதாது என்று நினைத்து அதை அனுப்பாமலே விட்டார்கள் என்பதும், அவர்களுடைய பள்ளியின் சராசரியோடு சேர்த்துப் பார்த்தால் அந்த மதிப்பெண்ணே அவர்களுக்கு இடம் வாங்கித் தந்திருக்கும் என்பதும் தெரியவந்தன. தேர்வு இருக்கலாம், ஆனால் படித்த பள்ளியையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர் கையில் அந்த மதிப்பெண் போய்ச்சேர வேண்டும். டார்ட்மத் போன்ற பல்கலைக்கழகம் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே படிக்கிறது. லட்சக்கணக்கானோர் எழுதும் நீட்டில் அது இயலாது என்பதால், நம் ஊரில் அந்த வேலையைச் சட்டம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

இனி, இந்தப் பாதையில் போக நினைக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

7.5 விழுக்காட்டுக்கான நிபந்தனையை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போதே தெரிந்துவைத்திருக்க வேண்டும். அப்பா வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புகளைத் தனியார் மெட்ரிக் பள்ளியில் கட்டணம் கட்டிப் படித்துவிட்டு, அவருக்கு வேலை போனதும் எங்களிடம் வந்து சேர்ந்த மாணவி ஒருத்தி, அந்த இரண்டு வகுப்புகளுக்காகவே உள் ஒதுக்கீட்டை இழந்தாள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு; அவர்கள் அந்தச் சேர்க்கைக்கான ஆவணத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரிடமும் படிப்புச் சான்று வாங்க வேண்டியிருக்கும் என்பதால், இரண்டு மூன்று பள்ளிகள் மாறியவர்கள் அந்த வேலையைத் தேர்வு முடிவுக்குப் பிறகு தொடங்கினால் அலைந்து ஓய்ந்துவிடுவார்கள்.

சாதிச் சான்றிலும் இதே கவனம் தேவை. மாநிலக் கவுன்சலிங்குக்குப் பி.சி., எம்.பி.சி. என்று நம் கையிலுள்ள நிரந்தரச் சான்று போதும். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 விழுக்காட்டு இடங்களில் ஓ.பி.சி. பிரிவில் கேட்பதற்கு மத்திய அரசின் படிவத்தில் தனிச் சான்று வாங்க வேண்டும். இருப்பிடச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றையும் மார்ச் மாதத்துக்கு முன்பே இ-சேவை மையத்தில் பதிந்துவிடச் சொல்கிறோம். எல்லாவற்றையும்விட அதிகம் தொல்லை தருவது இனிஷியல்தான். ஆதாரில் பெயருக்கு முன்னாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பின்னாலும் இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் முழுவதுமே பெயரோடு ஒட்டியிருக்கும். பிளஸ் ஒன் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஆதாரைத் திருத்திக்கொண்டால், விண்ணப்பிக்கும் நாளில் கண்ணீர் விட வேண்டியதில்லை.

படிப்பைப் பொறுத்தவரை, நீட் வினாக்களில் ஏறக்குறையப் பாதி பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வருகின்றன. ஆகவே பிளஸ் டூ பொதுத் தேர்வு முடிந்த பிறகு ஒரு மாதம் நடக்கும் பயிற்சியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. உயிரியல் வினாக்கள் பெரும்பாலும் மத்திய அரசு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் பாடநூலின் வரிகளையும் படங்களையும் அட்டவணைகளையும் ஒட்டியே இருக்கும். ஆனால் அந்த நூல் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் கிடைப்பதில்லை. 2018-க்குப் பின் வந்த நம் மாநிலப் பாடநூல் பல இடங்களில் அதைவிட விரிவானது. அதனால் மாநில நூலை முதலில் முழுமையாகப் படித்துவிட்டு, என்.சி.இ.ஆர்.டி.யில் மட்டும் உள்ள எடுத்துக்காட்டுகளையும் எண்களையும் அந்தந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். இரண்டு நூல்களையும் தனித்தனியே படித்தால் நேரம் போதாது. இயற்பியலில்தான் எங்கள் பிள்ளைகள் அதிகம் இழக்கிறார்கள். அதற்கு நாள்தோறும் கணக்குப் போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. 2025-இல் இயற்பியல் மிகக் கடினமாக வந்து, நாடு முழுவதும் முதலிடமே 686 மதிப்பெண்ணோடு நின்ற ஆண்டில்கூட, தினமும் பத்துக் கணக்காவது போட்டுப் பழகியவர்கள் பதறாமல் எழுதிவிட்டு வந்தார்கள்.

தேர்வு அறையில் நடந்துகொள்ளும் முறை தனிப் பாடமாகவே கற்றுத் தரப்பட வேண்டும். எந்த வினாவையும் விடாமல் எழுது என்றுதான் பன்னிரண்டு ஆண்டுகள் நாங்களே சொல்லிப் பழக்குகிறோம். நீட்டில் சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கும். தவறானால் 1 போய்விடும். கணக்குப்படி பார்த்தால், எதுவும் தெரியாமல் நான்கில் ஒன்றைக் குறிப்பதால் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண்தான். இரண்டு விடைகள் தவறு என்று உறுதியாகத் தெரிந்து, மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால் சராசரியாக ஒன்றரை மதிப்பெண் கிடைக்கும். எனவே இரண்டையாவது நீக்க முடிந்தால் குறி, முடியாவிட்டால் தாண்டிப் போ என்பதே நாங்கள் சொல்லிக்கொடுக்கும் விதி. 180 நிமிடங்களில் 180 வினாக்கள் என்பதால், உயிரியலின் 90 வினாக்களை 50 நிமிடங்களுக்குள் முடித்துவிட்டு வேதியியலுக்குப் போய், இயற்பியலைக் கடைசியில் வைத்துக்கொள்வது எங்கள் பிள்ளைகளுக்கு ஒத்துவருகிறது. ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்புவதற்கே நேரம் பிடிக்கும். மாதிரித் தேர்வுகளைச் சாதாரணத் தாளில் எழுதிப் பழகினால் இது தெரியாது; ஜெராக்ஸ் எடுத்தாவது உண்மையான அளவில் ஓ.எம்.ஆர். தாள் கொடுத்துப் பழக்க வேண்டும். பிற்பகல் 1.30-க்கு வாயில் மூடப்படும் என்பதால், மையம் வெளியூரில் என்றால் முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

பிளஸ் ஒன் பாடத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு கவலையையும் பதிவு செய்ய வேண்டும். நாமக்கல் பாணிப் பள்ளிகளின் வழக்கத்தை உடைப்பதற்காகவே 2017–18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு வந்தது. பிள்ளைகளின் மனச்சுமையைக் குறைக்கும் நோக்கில் 2025-இல் அது கைவிடப்பட்டது. அந்த நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் பொதுத் தேர்வு இல்லாத வகுப்பை நடத்தாமல் விட்டுவிடும் பழைய பழக்கம் திரும்பினால், தனியார் பள்ளியின் பிள்ளைகள் வெளியே பணம் கட்டி அந்தப் பாடத்தைப் படித்துக்கொள்வார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த வழியில்லை. ஆகவே பிளஸ் ஒன் பாடம் முழுமையாக நடத்தப்படுகிறதா என்பதைப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒவ்வொரு பருவத்திலும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நீட் ஒன்றையே உலகமாக்கிக்கொள்ளாமல் மற்ற வாசல்களையும் முன்கூட்டியே காட்டிவைக்க வேண்டும். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் ஆகிய மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். வேளாண் படிப்புகளும், கால்நடை மருத்துவத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்களும் அப்படியே. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றிலும் 2021 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உண்டு. எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது பார்க்கும் நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புச் சேர 2022 முதல் கியூட் என்ற தனித் தேர்வு எழுத வேண்டியிருக்கிறது; அதற்கு விண்ணப்பிக்கும் கெடு பிளஸ் டூ முடிவு வருவதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகம் என்பதால் முடிவு வந்த பிறகு போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்து ஏமாந்த பெற்றோர் பலர் உண்டு.

முடிவு வரும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024-இல் 67 பேர் 720-க்கு 720 எடுத்ததாக முதலில் அறிவித்தார்கள். 1,563 பேருக்குத் தந்த கருணை மதிப்பெண்ணைத் திரும்பப் பெற்று, அவர்களுக்கு ஜூன் 23 அன்று மறுதேர்வு நடத்தினார்கள். வினாத்தாள் கசிவு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வாரங்களில் எங்கள் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, முடிவு வெளியாகும் நாளில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஓர் ஆசிரியர் தொலைபேசியில் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன்னால் சாப்பிட்டாயா என்று கேட்கிறோம். பிள்ளை பேச மறுத்தால் பெற்றோரிடம், இன்று இரவு அவளைத் தனியே விடாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறோம். 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் எந்த நேரமும் மனநல ஆலோசகரிடம் தமிழில் பேசலாம். அந்த இரண்டு எண்களையும் வகுப்பறைக் கரும்பலகையின் மேல் ஓரத்தில் ஆண்டு முழுவதும் எழுதி வைத்திருக்கிறோம்.

எங்கள் சனிக்கிழமை நீட் வகுப்புக்கு அருகிலுள்ள அரசு உதவிபெறும் பள்ளியின் மாணவிகளும் வருகிறார்கள். அவர்களுடைய பெற்றோரும் அதே வயல்களில் வேலை செய்கிறவர்கள். அவர்களும் நூறு நாள் வேலை அட்டை வைத்திருக்கிறவர்கள். அவர்கள் படிப்பது அதே தமிழ்வழி, அதே பாடநூல். ஆனால் உதவிபெறும் பள்ளி என்ற ஒரே காரணத்தால் 7.5 விழுக்காட்டில் அவர்களுக்கு இடமில்லை. சென்ற ஆண்டு அவர்களில் ஒருத்தி எங்கள் பள்ளி மாணவியைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுத்திருந்தும், எங்கள் மாணவிக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் இப்போது பி.எஸ்சி. நர்சிங் படித்துக்கொண்டே மறுபடியும் எழுதத் தயாராகிறாள். சூழலைப் பார்த்து ஒப்பிட வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கமென்றால், கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழிப் பிள்ளைகளையும் அதற்குள் கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் தொடர்ந்து கேட்டுவருகிறோம். அப்படிச் சேர்க்கும்போது 7.5 என்ற அளவையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும்; இல்லாவிட்டால் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஒரே இடத்துக்காக மோதிக்கொள்ள நேரும்.